குடிக்காதவர் யார்?

பெங்களூரில் ஆலைகளை அண்டி வளர்ந்த பேட்டை ஸ்ரீராம்புரம். பின்னி மில், ராஜா மில், மினர்வா மில் என்று நகரின் மேற்குப் பக்கம் சங்கு ஊதிய காலத்தில் வட ஆர்க்காடு, சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் இந்தச் சந்துகளில் குடியேறின. பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. ராஜா மில் இருந்த இடத்தில் இன்று பெரிய வணிக வளாகம் நிற்கிறது. 2014 முதல் ஸ்ரீராம்புரத்துக்கு மேலே மெட்ரோ ஓடுகிறது. தறியில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் ஆட்டோ ஓட்டுகிறார்கள், பெயிண்ட் அடிக்கிறார்கள், கடைகளில் வேலை பார்க்கிறார்கள், கணினி நிறுவனங்களுக்கும் போகிறார்கள். வாரக்கூலிக்காரர்களின் சனிக்கிழமைப் பட்டுவாடா மட்டும் பல இடங்களில் அப்படியே இருக்கிறது. அன்று மாலை ஒயின் ஸ்டோர் முன்னால் கூட்டமும் இருக்கிறது.

2007 ஜூன் 30 வரை அந்தக் கூட்டம் பிளாஸ்டிக் பாக்கெட்டில் வந்த சாராயத்துக்கு நின்றது. மறுநாள், ஜூலை 1 முதல், கர்நாடக அரசு சாராயத்தைத் தடை செய்தது. குடித்தவர்கள் குடியை விட்டுவிடவில்லை. மலிவு விஸ்கிக்கும் பிராந்திக்கும் ரம்முக்கும் மாறினார்கள். இன்று சின்னப் பழரசப் பெட்டி போன்ற காகித உறையில் 90 மில்லி கிடைக்கிறது. 'ஒரு தொண்ணூறு' என்று கேட்டால் போதும், கடைக்காரருக்குப் புரியும்.

இதே பேட்டைக்கு இன்னொரு முகமும் உண்டு. இங்கே குடிக்காதவர்களே அதிகம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, கர்நாடகத்தில் 15 வயதைத் தாண்டிய ஆண்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் குடிக்கிறார். தமிழ்நாட்டில் நான்கில் ஒருவர். கர்நாடகப் பெண்களில் குடிப்பவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. உழைப்பாளர் குடியிருப்புகளில் ஆண்களின் விகிதம் இதைவிட உயரலாம், உண்மையைச் சொல்லத் தயங்கியவர்களும் இருப்பார்கள். எப்படிப் பார்த்தாலும் ஒரு தெருவை எடுத்துக்கொண்டால் அங்கே வாழ்நாளில் ஒரு துளி தொடாதவர்களே பெரும்பான்மை.

'அளவோடு குடித்தால் இதயத்துக்கு நல்லது' என்ற செய்தி ஸ்ரீராம்புரத்துக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. குடிப்பவர் அதைச் சொல்லி நியாயம் தேடுகிறார். சில மருத்துவர்களும் பல ஆண்டுகள் அதை நம்பினார்கள். அந்தச் செய்தி எந்த நாட்டு மனிதர்களை எண்ணிப் பிறந்தது, எப்படிச் சரிந்தது என்பதே இந்த அத்தியாயம். விடை குடிப்பவர்களிடம் இருக்கிறது என்று எண்ணித்தான் விஞ்ஞானிகள் வெகுகாலம் தேடினார்கள். சிக்கலோ குடிக்காதவர்களை எண்ணிய விதத்தில் இருந்தது.

வளைவு பிறந்த கதை

1926இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து உயிரியலாளர் ரேமண்ட் பேர்ல், அந்நகர உழைப்பாளர் குடும்பங்களின் வாழ்நாள் கணக்கை ஒரு நூலாக வெளியிட்டார். அமெரிக்காவில் அப்போது மதுவிலக்கு நடந்துகொண்டிருந்தது. அளவோடு குடித்தவர்கள், அறவே குடிக்காதவர்களைவிடக் குறைந்த காலம் வாழவில்லை, சற்றே கூடுதலாகக்கூட வாழ்ந்தார்கள் என்று அவர் கண்டார். அதிகம் குடித்தவர்கள் சீக்கிரம் இறந்தார்கள்.

அரை நூற்றாண்டு கழித்து இதே கோலம் மீண்டும் தென்பட்டது. 1979இல் செயின்ட் லெஜரும் கோக்ரேனும் மூரும் 18 வளர்ந்த நாடுகளை ஒப்பிட்டு, ஒயின் அதிகம் குடிக்கும் நாடுகளில் இதய நோய் மரணம் குறைவு என்று எழுதினார்கள். 1981இல் மைக்கேல் மார்மட் குழு லண்டன் அரசு ஊழியர்கள் 1,422 பேரைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்து ஒரு வரைபடத்தை வெளியிட்டது. கிடைமட்டத்தில் குடியின் அளவு, செங்குத்தில் மரணம். குடிக்காதவர்களிடம் கோடு உயரத்தில் தொடங்கி, கொஞ்சமாகக் குடிப்பவர்களிடம் தாழ்ந்து, அதிகம் குடிப்பவர்களிடம் மறுபடி ஏறியது. அந்தப் பள்ளத்தில்தான் 'மிதமான குடி' என்ற கருத்து குடியேறியது.

அதை உலகம் முழுக்கப் பரப்பியது தொலைக்காட்சி. 1991 நவம்பரில் அமெரிக்காவின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி, வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் அள்ளித் தின்னும் பிரெஞ்சுக்காரர்களுக்கு மாரடைப்பு ஏன் குறைவு என்று கேட்டு, சிவப்பு ஒயினைக் கை காட்டியது. அங்கே சிவப்பு ஒயின் விற்பனை பாய்ந்து ஏறியது. மறு ஆண்டு செர்ஜ் ரெனோ, 'லான்செட்' இதழில் அதே கருத்தைக் கட்டுரையாக எழுதினார். பெங்களூருக்கு அருகே நந்தி மலை அடிவாரத்தில் 1980களின் இறுதியில் தொடங்கிய ஒயின் திராட்சைத் தோட்டங்களுக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேண்டியதில்லை. எச்.டி.எல். என்னும் 'நல்ல கொழுப்பு' குடிப்பவர்களிடம் கூடுகிறது என்ற கண்டுபிடிப்பும் சேர்ந்தது. வளைவு இருந்தது, அதற்கு ஒரு காரணமும் கிடைத்துவிட்டது. 'ஒரு பெக் மருந்து' என்ற பேச்சுக்கு அறிவியல் முத்திரை விழுந்தது.

மரத்தடிப் பிள்ளைகள்

பள்ளியில் விளையாட்டு வகுப்பு. மைதானத்தில் ஓடுபவர்கள் ஒருபுறம், மரத்தடியில் உட்கார்ந்திருப்பவர்கள் மறுபுறம். இரண்டு பக்கத்திலும் காய்ச்சல் பார்த்தால் மரத்தடியில்தான் அதிகம் இருக்கும். விளையாடாததால் காய்ச்சல் வந்தது என்று யாரும் முடிவு கட்டமாட்டோம். காய்ச்சல் வந்தவர்கள்தான் அங்கே போய் உட்கார்ந்தார்கள்.

1988இல் ஏ. ஜி. ஷேப்பர் என்ற பிரிட்டன் மருத்துவர் ஏறத்தாழ இதையேதான் சொன்னார். 24 பிரிட்டிஷ் ஊர்களில் 7,735 நடுவயது ஆண்களைப் பின்தொடர்ந்த அவருடைய குழு, 'குடிக்காதவர்' பட்டியலில் இருந்தவர்கள் யார் என்று தோண்டிப் பார்த்தது. பலர் முன்பு குடித்தவர்கள். நெஞ்சுவலி, ரத்த அழுத்தம், ஈரல் கோளாறு என்று ஏதோ ஒன்று வந்தபின் நிறுத்தியவர்கள். நோயாளியான பிறகு குடிக்காதவர் ஆனவர்களைக் 'குடிக்காதவர்' என்று எண்ணினால் அந்தக் கூட்டம் பலவீனமாகத்தான் தெரியும். அதன் பக்கத்தில் நிற்கும் மிதமான குடிகாரர் திடகாத்திரமாகத் தெரிவார்.

வாழ்நாள் முழுதும் குடிக்காதவரோடு ஒப்பிட்டால் சரியாகிவிடுமா? பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அதுவும் கடினம். அங்கே குடிப்பதுதான் வழக்கம். குடிக்காமலே இருப்பவர் சராசரியாக ஏழையாகவும், சிறு வயதிலிருந்தே உடல்நலம் குன்றியவராகவும் இருக்க வாய்ப்பு அதிகம். இரவுச் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் ஒயின் எடுப்பவரோ படித்தவர், நல்ல வருமானம் உள்ளவர், நடைப்பயிற்சி செய்பவர், பல் மருத்துவரைத் தவறாமல் பார்ப்பவர். அவருடைய நீண்ட ஆயுளுக்கு ஒயின் காரணமா, வங்கிக் கணக்கு காரணமா என்று பிரித்துச் சொல்ல எளிய வழி இல்லை.

கனடாவின் டிம் ஸ்டாக்வெலும் அவருடைய குழுவினரும் இந்தக் குழப்பத்தைப் பல ஆண்டுகள் துருவினார்கள். 2023இல் அவர்கள் வெளியிட்ட தொகுப்பில் 107 ஆய்வுகள், ஏறத்தாழ 48 லட்சம் பேர். முன்பு குடித்தவர்களைப் பிரித்து, ஆய்வுகளின் குறைகளைக் கணக்கில் எடுத்துத் திருத்தியபோது, நாளுக்கு 25 கிராம் எத்தனால் (மதுவில் போதை தரும் பொருள்) வரை குடிப்பவர்களுக்கு ஆயுள் நீட்சி எதுவும் மிஞ்சவில்லை. பெண்களுக்கு 25 கிராமிலிருந்தும் ஆண்களுக்கு 45 கிராமிலிருந்தும் மரண ஆபத்து தெளிவாக ஏறியது. கொஞ்சம் குடித்தவர் குடிக்காதவரைவிடச் சீக்கிரம் இறந்தார் என்றும் அந்தத் தொகுப்பு சொல்லவில்லை. நன்மை காணாமல் போனது, அவ்வளவே.

நம் ஊரில் பள்ளம் எங்கே?

இப்போது ஸ்ரீராம்புரத்தின் அந்த இன்னொரு முகத்துக்கு வருவோம். குடிக்காமலிருப்பது இயல்பாக இருக்கும் சமூகத்தில், குடிக்காதவர்களின் பட்டியலில் எல்லாரும் இருப்பார்கள்: நோயாளி, ஆரோக்கியமானவர், ஏழை, வசதியானவர், கோயிலுக்கு மாலை போட்டவர், மசூதிக்குப் போகிறவர், வாசனையே பிடிக்காதவர். ஒப்பிடுவதற்கு நேர்மையான அளவுகோல் இது. அந்த அளவுகோலை வைத்தபோது வளைவின் பள்ளம் தூர்ந்துபோனது.

2007இல் வெளிவந்த ஒரு ஆய்வு இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை, நேபாளம் ஆகிய ஐந்து நாடுகளில் முதல் மாரடைப்பு வந்த 1,732 பேரை, வராதவர்கள் 2,204 பேரோடு ஒப்பிட்டது. அதில் பங்கேற்ற முக்கிய ஆய்வாளர்களில் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் பிரேம் பைஸும் ஒருவர். தெற்காசியருக்கு மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்தது. மற்ற நாட்டவர்க்கு ஏறத்தாழ 59இல். மற்ற நாடுகளில் குடிப்பவர்களிடம் காணப்பட்ட 'பாதுகாப்பு' தெற்காசியரிடம் இல்லை.

2010இல் அம்புஜ் ராய், துரைராஜ் பிரபாகரன் முதலானோர் இந்தியத் தொழிற்சாலை ஊழியர்களை ஆராய்ந்தார்கள். குடிப்பவர்களை வாழ்நாளில் குடிக்காதவர்களோடு ஒப்பிட்டு, புகைப்பழக்கம் போன்றவற்றைக் கழித்த பிறகும், குடித்த ஆண்களிடம் இதயத் தமனி நோய் கூடுதலாகவே இருந்தது. 2012இல் மும்பையில் 45 வயதைத் தாண்டிய ஏறத்தாழ 35 ஆயிரம் ஆண்களைப் பின்தொடர்ந்த ஆய்விலும் குடித்தவர்கள் கூடுதலாக இறந்திருந்தார்கள்.

2015இல் 12 நாடுகளில் 1,14,970 பேரைப் பின்தொடர்ந்த 'ப்யூர்' ஆய்வு வெளிவந்தது. அதன் இந்தியப் பணியை ஒருங்கிணைத்தது பெங்களூரின் செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிறுவனம். குடிப்பவர்களிடம் மாரடைப்பு சற்றுக் குறைவாகத் தெரிந்தது. ஆனால் குடியோடு தொடர்புள்ள புற்றுநோய்கள் சுமார் 50 சதவீதமும், காயங்கள் சுமார் 30 சதவீதமும் கூடுதல். மரணம், மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய், காயம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் பணக்கார நாடுகளில் குடிப்பவர் பக்கம் கணக்கு சாய்ந்தது. நம்மைப் போன்ற நாடுகளில் அந்தச் சாய்வு இல்லை. ஒரே எத்தனால்தான். நாட்டின் வருமானத்தைப் பார்த்து அது குணம் மாற்றிக்கொள்வது விந்தை. அப்படியானால் இந்தக் கணக்குகள் அளந்தது எத்தனாலை மட்டுமல்ல, அதைக் குடிப்பவரின் வாழ்க்கையையும் சேர்த்துத்தான்.

இந்திய ஆய்வுகளுக்கும் இதே கேள்வி பொருந்தும். நம் ஊரில் குடிப்பவர் பெரும்பாலும் பீடியும் பிடிப்பார், புகையிலையும் போடுவார், உடல் நோகும் வேலை செய்வார், சாப்பாட்டைத் தள்ளிப்போடுவார். பிரிட்டனில் வசதி குடியை நல்லதாகக் காட்டியது என்றால், இங்கே வறுமை குடியை உள்ளதைவிடக் கெட்டதாகக் காட்டியிருக்கலாம். இரண்டு கண்ணாடிகளும் வேறுவேறு பக்கம் வளைந்தவை. எத்தனாலைத் தனியே பார்க்க வேறு வழி தேவைப்பட்டது.

பிறக்கும்போதே போட்ட சீட்டு

மருந்தைச் சோதிக்கும் முறைதான் நேரான வழி: ஆயிரக்கணக்கானவர்களைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைத் தினம் ஒரு கிளாஸ் குடிக்கச் சொல்லி, மறுபாதியைக் குடிக்காமல் வைத்துப் பல ஆண்டுகள் காத்திருப்பது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 7,800 பேரோடு அப்படியொரு சோதனையைத் தொடங்கியது. செலவின் பெரும்பங்கு மது நிறுவனங்களிடமிருந்து வருவதும், ஆய்வை வடிவமைக்கும்போதே அந்நிறுவனங்களோடு பேச்சு நடந்ததும் வெளியே தெரிந்தது. 2018 ஜூனில் சோதனை கைவிடப்பட்டது.

இயற்கை வேறொரு சீட்டு போட்டு வைத்திருந்தது. நாம் குடிக்கும் எத்தனாலை ஈரல் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாற்றுகிறது; பிறகு இன்னொரு நொதி அதை அசிட்டேட்டாக மாற்றி அடக்குகிறது. கிழக்காசியர் பலருக்கு அந்த இரண்டாவது நொதியின் மரபணு பிறவியிலேயே பழுது. இந்தியரிடம் இந்தப் பழுது அரிது. பழுதுள்ளவர் கொஞ்சம் குடித்தாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டும். அதனால் குறைவாகவே குடிப்பார், அல்லது குடிக்கவே மாட்டார். பணம், படிப்பு, பழக்கம் எதையும் கேட்காமல் கருவிலேயே விழும் சீட்டு இது. அந்த மரபணுவை வைத்து மக்களைப் பிரித்தால், வாழ்க்கைமுறையின் குழப்பம் பெருமளவு நீங்கி, குடியின் விளைவு தனியே தெரியும்.

சீனாவில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடரும் கடூரி ஆய்வு, அவர்களில் ஏறத்தாழ 1.6 லட்சம் பேரின் மரபணுக்களைப் பார்த்து 2019இல் முடிவை வெளியிட்டது. குடித்த அளவை வாய்மொழியாகக் கேட்டு வரைந்தபோது பழைய வளைவே வந்தது. வாரத்துக்கு 100 கிராம் அருகே பள்ளம். மரபணுவை வைத்து வரைந்தபோது பள்ளம் மறைந்து, குடி ஏற ஏற ரத்த அழுத்தமும் பக்கவாதமும் நேராக ஏறின. வாரத்துக்கு 280 கிராம் கூடினால் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதம் கூடுதல். மாரடைப்புக்கு நன்மை எதுவும் தெளிவாகத் தெரியவில்லை.

'பக்கவாதத்தைக் கொண்டுவந்தது குடியா, அந்த மரபணுவேயா?' என்று ஒருவர் மடக்கலாம். அதற்கு விடை சொன்னவர்கள் சீனப் பெண்கள். ஸ்ரீராம்புரத்துப் பெண்களைப் போல அவர்களும் ஏறத்தாழ குடிப்பதே இல்லை; அடிக்கடி குடிப்பவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான். அதே மரபணு அவர்களிடமும் இருக்கிறது. அவர்களுடைய ரத்த அழுத்தத்தையோ பக்கவாதத்தையோ அது அசைக்கவில்லை. மரபணு குற்றவாளி அல்ல. ஆண்களிடம் அது குடியின் வழியாக மட்டுமே வேலை செய்திருக்கிறது. ஆய்வின் முடிச்சை அவிழ்த்தவர்கள் குடிக்காதவர்கள்.

2022இல் பிரிட்டனில் 3.7 லட்சம் பேரின் மரபணுக்களை வைத்து நடந்த ஆய்வும் இதே திசையில் நின்றது. கொஞ்சமாகக் குடிப்பவர்களின் நல்ல உடல்நிலைக்குக் காரணம் அவர்களுடைய மற்றப் பழக்கங்கள். குறைந்த அளவில் இதய ஆபத்து மெதுவாக ஏறுகிறது, அளவு கூடக்கூட வேகமாக ஏறுகிறது.

எச்.டி.எல். என்ன ஆயிற்று? அதை உயர்த்துவதற்கென்றே செய்த டோர்செட்ராபிப் என்ற மருந்து, எச்.டி.எல்.லை நன்றாகவே உயர்த்தியது. உட்கொண்டவர்களில் கூடுதலானோர் இறந்ததால் 2006 டிசம்பரில் சோதனை நிறுத்தப்பட்டது. எச்.டி.எல்.லைப் பிறவியிலேயே கூட்டும் ஒரு மரபணு உள்ளவர்களுக்கும் மாரடைப்பு குறையவில்லை என்று 2012இல் தெரிந்தது. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எண் அழகாவது வேறு, இதயம் பிழைப்பது வேறு.

தொண்ணூறின் கணக்கு

இனி கொஞ்சம் பெருக்கல். விஸ்கி, பிராந்தி, ரம் எல்லாவற்றிலும் உறையில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். 30 மில்லி 'ஸ்மாலில்' ஏறத்தாழ 10 கிராம் சுத்தமான எத்தனால். 60 மில்லி 'லார்ஜ்' என்றால் 20 கிராம், தொண்ணூறு என்றால் 30 கிராம், குவார்ட்டர் என்றால் 60 கிராம். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி ஒரு புட்டி 41 கிராம்; 'பீர்தானே' என்று சொல்பவர் தொண்ணூறைவிட ஒரு பெக் கூடுதலாகவே குடிக்கிறார்.

2018இல் 19 நாடுகளில் குடிப்பவர்கள் மட்டும் 6 லட்சம் பேரைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு, வாரத்துக்கு 100 கிராமைத் தாண்டினால் ஆயுள் குறையத் தொடங்குகிறது என்று கண்டது. அது வாரத்துக்கு மூன்று தொண்ணூறும் ஒரு ஸ்மாலும். பிரிட்டன் 2016 முதல் சொல்லும் எல்லை வாரத்துக்கு 14 யூனிட், அதாவது 112 கிராம். கனடாவில் 2023இல் வெளியான பரிந்துரையில், குறைந்த ஆபத்து என்பது வாரத்துக்கு அந்நாட்டு அளவில் இரண்டு 'டிரிங்க்', ஏறத்தாழ 27 கிராம். நம் ஊர் காகிதப் பெட்டி ஒன்றை முழுதாகக் குடித்தால் கனடாக்காரரின் ஒரு வார அளவு அந்த ஒரு மாலையிலேயே தாண்டிவிடும்.

வாரக் கணக்கும் முழு உண்மையைச் சொல்லாது. ஒருவர் ஞாயிறு முதல் வெள்ளி வரை தொடுவதில்லை. சனிக்கிழமை ஒரு குவார்ட்டரும் ஒரு தொண்ணூறும். மொத்தம் 90 கிராம், ஏழால் வகுத்தால் நாளுக்கு 13 கிராம். ஆய்வுப் படிவத்தில் அவர் மிதமாகக் குடிப்பவர். உலக சுகாதார நிறுவனத்தின் அளவில், ஒரே அமர்வில் 60 கிராமைத் தொட்டாலே அது கடுங்குடி. குவார்ட்டர் சரியாக அந்தக் கோட்டில் நிற்கிறது. ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் எரிக்கும். 90 கிராமை முடிக்க அதற்கு ஏறத்தாழ இரவு முழுதும், மறுநாள் காலைவரை ஆகும். சராசரி 13 கிராம் என்பது காகிதத்தில் மட்டும் இருக்கிறது.

இந்தியாவில் குடி இப்படித்தான் இருக்கிறது என்று பெங்களூரின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸின் ஆய்வாளர்கள் விவேக் பெனகல், பிரதிமா மூர்த்தி, குருராஜ் போன்றோர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எழுதிவந்திருக்கிறார்கள். குடிப்பவர் எண்ணிக்கை குறைவு, குடித்தால் அளவு அதிகம். பீரையும் ஒயினையும்விட விஸ்கி, பிராந்தி, ரம் போன்ற கடும் வகைகளே கூடுதல். சாப்பாட்டுக்கு முன், வெறும் வயிற்றில், வேகமாக, போதைக்காக. 2019இல் எய்ம்ஸ் வெளியிட்ட தேசிய ஆய்வு, நாட்டில் குடிப்பவர் 16 கோடி என்றும், அதில் 5.7 கோடிப் பேருக்கு உதவி தேவைப்படும் அளவுக்குப் பாதிப்பு என்றும் மதிப்பிட்டது. குடிப்பவர் மூவரில் ஒருவருக்கு மேல். மிதமான குடி என்ற நடுவீடு நம் தெருவில் சிறியது.

உடலுக்குள்

இதயத்தைப் பற்றிய வாதத்தில் புற்றுநோய் வெகுகாலம் மறைந்திருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மதுவை முதல் வகைப் புற்றுக்காரணியாக அறிவித்தது 1988இல். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், ஈரல், பெருங்குடல், பெண்களின் மார்பகம் ஆகியவை அது தாக்கும் இடங்கள். அசிட்டால்டிஹைடு செல்லின் டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு அதைச் சிதைக்கிறது. ஈரலுக்குப் போகுமுன்பே வாயிலுள்ள பாக்டீரியாக்கள் எத்தனாலில் ஒரு பகுதியை அசிட்டால்டிஹைடாக்கி எச்சிலில் கலக்கின்றன. நாளொன்றுக்கு 10 கிராம் கூடினால் மார்பகப் புற்றுநோய் ஆபத்து சுமார் 7 சதவீதம் ஏறுகிறது. இந்தக் கோட்டில் பள்ளம் எப்போதும் இருந்ததில்லை. 2023 ஜனவரியில் 'பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை' என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு சொன்னது முக்கியமாக இதை வைத்துத்தான்.

நமக்கு இதில் கூடுதல் வட்டி. சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் 1990களில் வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் வந்த ஆண்களை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வு, குடி தனியாகவும், புகையிலை தனியாகவும், இரண்டும் சேர்ந்தால் அதைவிடப் பெரிதாகவும் ஆபத்தை ஏற்றுவதைக் காட்டியது. எத்தனால் வாயின் உள்தோலை இளக்குகிறது. புகையிலையின் நச்சு எளிதாக உள்ளே இறங்குகிறது. தொண்ணூறை முடித்துவிட்டுக் கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொள்பவருக்கு, எவ்வளவு குடித்தார் என்பதை மட்டும் வைத்து ஆபத்தைக் கணக்கிட முடியாது.

காசநோய், சர்க்கரையோடு சேர்ந்த ஈரல் கொழுப்பு, ரத்த அழுத்தம், சீரற்ற இதயத்துடிப்பு ஆகியவையும் நம் பட்டியலில் உண்டு. நாளுக்கு 40 கிராமுக்கு மேல் குடிப்பவருக்குக் காசநோய் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. 40 வயதுக்குக் கீழே குடி கொல்வது பெரும்பாலும் விபத்தாலும் காயத்தாலும். அந்த வயதில் எந்த ஆய்வுமே குடிக்கு நன்மை கண்டதில்லை என்றே சொல்லலாம். 2022இல் வந்த உலக நோய்ச்சுமை ஆய்வு, 40ஐத் தாண்டியவர்களுக்குச் சிறு அளவில் இதய நன்மை இருக்கலாம் என்று இடம்விட்டது. அதுவும் பழைய வகைக் கணக்குகளையே பெரிதும் நம்பியது.

கேட்க வேண்டிய கேள்வி

இதெல்லாம் ஒரு தனி மனிதருக்கு என்ன சொல்கிறது? திருமணத்திலோ திருவிழாவிலோ ஒரு பெக் எடுப்பவரின் ஆபத்து சிறியது. அதை மிகைப்படுத்துவது அறிவியல் ஆகாது. ஆனால் அந்தப் பெக் இதயத்துக்காக என்ற வாதத்துக்கு இனி ஆதாரம் இல்லை. குடிக்காதவர் உடல்நலத்துக்காகத் தொடங்க ஒரு காரணமும் இல்லை. குடிப்பவர் குறைக்கக் குறைக்க லாபம்தான், எந்த அளவிலிருந்து குறைத்தாலும்.

தினமும் நிறையக் குடிப்பவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாலை போட்டோ சத்தியம் செய்தோ ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்தாக முடியலாம். சில மணி நேரத்தில் கை நடுங்கும், வேர்க்கும். ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் நினைவு தடுமாறி இல்லாததெல்லாம் கண்ணில் தெரியலாம். உயிரே போகக்கூடிய இந்த நிலையை மருத்துவமனையில் மாத்திரை கொடுத்துத் தடுத்துவிட முடியும். நிம்ஹான்ஸில் இதற்கென்றே தனி மையம் இருக்கிறது. 14446 என்ற தேசியப் போதை மீட்பு எண்ணும், 14416 என்ற டெலி-மானஸ் எண்ணும் கட்டணமில்லாதவை.

மருத்துவர்களுக்கும் ஒரு மாற்றம் தேவை. 'குடிப்பீங்களா?' என்று கேட்டால் 'எப்பவாவது, கொஞ்சமா' என்ற பதில்தான் வரும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த 'ஆடிட்' என்ற பத்துக் கேள்விகளில் மூன்றாவது, ஒரே அமர்வில் ஆறு பெக்கோ அதற்கு மேலோ எத்தனை முறை குடிக்கிறீர்கள் என்பது. ஸ்ரீராம்புரத்தில் அதை 'குவார்ட்டரை ஒரே மூச்சில் முடிக்கிற நாள் மாசத்துக்கு எத்தனை?' என்று கேட்டால் போதும். சராசரியில் ஒளிந்துகொள்ளும் சனிக்கிழமை வெளியே வரும்.

வீட்டில் என்ன நடக்கிறது என்ற இன்னொரு கேள்வியைக் குடிப்பவரோடு வந்திருப்பவரிடம் கேட்க வேண்டும். பெங்களூரில் குடியின் சுமையை அளந்து நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் எழுதி 2006இல் வெளியான அறிக்கை, குடிப்பவரின் ஈரலோடு நிற்கவில்லை. அடிதடி, விபத்து, இழந்த கூலி, வீட்டு வன்முறை எல்லாவற்றையும் சேர்த்து எண்ணியது. 'மிதமான குடி' ஆய்வுகள் எல்லாம் குடிப்பவர் உடலுக்குள் நடப்பதை மட்டும் அளந்தவை. அவற்றில் குடிக்காதவர் ஒப்பிடுவதற்கான வெறும் எண்ணிக்கை. நம் தெருவில் அவர் மனைவியாக, மகளாக, பக்கத்து வீட்டுக்காரராக, சாலையில் எதிரே வருபவராக இருக்கிறார். ஒருவர் குடிக்கும் அளவு மிதமா என்று தீர்மானிக்கும்போது அவருடைய ரத்த அழுத்தத்தோடு இவர்களுடைய உடல்நலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆண்களிலேயே ஆறில் ஒருவர்தான் குடிக்கும் மாநிலத்தில், மற்ற எல்லாரையும் விட்டுவிட்டு எடுக்கும் எந்த அளவும் அரைகுறைதான்.